உருண்டை மருந்தும் இரண்டு மருத்துவர்களும்: ஹோமியோபதிக்குச் செல்பவர் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

ஹோமியோபதி மருத்துவரிடம் முதன்முறை செல்பவரை வியக்க வைப்பது அங்கே கேட்கப்படும் கேள்விகள்தாம். மூட்டுவலி என்று போனவரிடம், வலி காலையில் எழுந்ததும் கூடுகிறதா, நடக்க நடக்கக் குறைகிறதா, மழைக்காலத்தில் எப்படி என்பதோடு நிறுத்தாமல், தாகம் அதிகமா, உப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், கோபத்தை வெளிக்காட்டுவீர்களா உள்ளேயே வைத்துக்கொள்வீர்களா, அழும்போது யாராவது ஆறுதல் சொன்னால் பிடிக்குமா எரிச்சல் வருமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இந்த முதல் சந்திப்பு சில இடங்களில் ஒரு மணி நேரம்கூட நீளும். அதே மனிதர் மறுநாள் வழக்கமான மருத்துவரிடம் போனால், டோக்கன் எண் கூப்பிட்டு உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் மருந்துச்சீட்டோடு வெளியே வந்துவிடுகிறார். இந்த இரண்டு அறைகளிலும் நோயாளி எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார், எதைச் சொல்லத் தேவையே இல்லை என்று நினைத்துவிடுகிறார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஹோமியோபதியால் நேரக்கூடிய தீங்குகளில் பெரும்பகுதி, அந்த உருண்டைகளைவிட, இந்தச் சொல்லாமையிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து.

முதலில் ஹோமியோபதி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் மைசன் நகரில் 1755-இல் பிறந்த சாமுவேல் ஹானிமன் என்ற மருத்துவர் இதை உருவாக்கினார். 1790-இல், மலேரியாக் காய்ச்சலுக்குத் தரப்பட்டுவந்த சின்கோனா மரப்பட்டையைத் தாமே சாப்பிட்டுப் பார்த்தபோது காய்ச்சலை ஒத்த குறிகள் தமக்குத் தோன்றியதாக அவர் எழுதினார். நலமாக இருப்பவரிடம் ஒரு பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குகிறதோ, அதே குறிகளோடு வரும் நோயாளியை அதே பொருளின் மிகச் சிறிய அளவு குணமாக்கும் என்ற கோட்பாட்டை 1796-இல் வெளியிட்டார். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்மூர் ஹோமியோபதியர்கள் இதை விளக்குவார்கள்.

அடுத்தது வீரியம். மருந்துக் குப்பியில் 30 என்றோ 200 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலப்பொருளின் ஒரு பங்கை 99 பங்கு ஆல்கஹாலிலோ நீரிலோ கலந்து குலுக்கினால் அது 1சி. அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலந்தால் 2சி. இப்படி 30 முறை செய்தால் கிடைப்பது 30சி. அதாவது மூலப்பொருள், ஒன்றைத் தொடர்ந்து 60 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்காகிவிடுகிறது. வேதியியல் கணக்குப்படி ஏறத்தாழ 12சி-யைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட அதில் எஞ்சியிருக்க வாய்ப்பில்லாமல் போகிறது. நீர்க்க நீர்க்க வீரியம் ஏறுகிறது என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. அதற்கு இயற்பியலிலோ வேதியியலிலோ ஆதாரம் இல்லை. 2015-இல் ஆஸ்திரேலிய அரசின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடிவு சொன்னது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை 2017-இல் ஹோமியோபதி மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாமென்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது; பிரான்சில் 2021 தொடக்கத்தோடு அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தருவது நின்றது. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே ஹோமியோபதி ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் அங்கீகரிக்கப்பட்ட முறை, பி.எச்.எம்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. கொரோனாவின் முதல் ஆண்டில் ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற குப்பி எத்தனை வீடுகளுக்கு வந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே இது வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, லட்சக்கணக்கானோர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேலே பேச வேண்டியிருக்கிறது.

மருந்தில் ஒன்றுமில்லை என்றால் ஏன் இத்தனை பேர் பலன் கிடைத்ததாகச் சொல்கிறார்கள்? மருவும் சளியும் ஒவ்வாமைத் தும்மலும் பெரும்பாலும் தாமாகவே வந்து தாமாகவே போகக்கூடியவை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடுவதால், அடுத்து வருவது பெரும்பாலும் தணிவாகத்தான் இருக்கும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த ஒரு மணி நேரப் பேச்சு. ஹானிமன் எழுதிய ஆர்கனான் என்ற நூலின் 84-ஆம் பத்தி, நோயாளி தம் துன்பத்தைச் சொல்லும்போது அவர் வேறு எங்கோ போய்விட்டாலன்றி மருத்துவர் குறுக்கிடக் கூடாது, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்படி கேள்வி கேட்கக் கூடாது என்கிறது 87-ஆம் பத்தி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த அறிவுரையை இன்றைய மருத்துவக் கல்லூரி மாணவருக்கு அப்படியே பாடமாக வைக்கலாம். 1984-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, நோயாளி பேசத் தொடங்கிய சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டது.

இந்தப் பேச்சுக்கு எவ்வளவு பங்கு, உருண்டைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முயன்றார்கள். முடக்குவாத மூட்டழற்சி உள்ள 83 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்துகளை நிறுத்தாமலேயே, குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு ஹோமியோபதியரோடு முறையான கலந்துரையாடலும் மருந்தும் கிடைத்தன; சிலருக்கு அதே கலந்துரையாடல், ஆனால் வெறும் உருண்டை; மற்றவர்களுக்குக் கலந்துரையாடலே இல்லை, மருந்தோ வெறும் உருண்டையோ மட்டும். 24 வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது, மருந்து பெற்றவருக்கும் வெறும் உருண்டை பெற்றவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கலந்துரையாடல் கிடைத்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. இது சிறிய ஆய்வு, கடைசிவரை நின்றவர்கள் 56 பேர்தான், ஆகவே இதை வைத்து அளவுக்கு மீறிப் பேசக் கூடாது. ஆயினும் நோயாளிகள் 'அந்த டாக்டர் நல்லா கேட்பாருங்க' என்று சொல்லும்போது உண்மையான ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

சிக்கல் எங்கே என்றால், இவ்வளவு கேட்கிற அறையில் திருப்பிச் சொல்லப்படுவது மிகக் குறைவு. பல கிளினிக்குகளில் மருந்து சீட்டில் எழுதித் தரப்படுவதில்லை. உதவியாளர் சிறு குப்பிகளில் வெள்ளை உருண்டைகளை நிரப்பி, மேலே சில சொட்டுகள் விட்டுக் குலுக்கி, மூடியில் 1, 2, 3 என்று எண் மட்டும் எழுதிக் கொடுக்கிறார். காலை ஒன்றாம் குப்பியில் நான்கு, இரவு இரண்டாம் குப்பியில் நான்கு, கையால் தொடாமல் மூடியில் தட்டி வாயில் போடுங்கள், காபி குடித்தால் அரை மணி இடைவெளி விடுங்கள் என்று பத்தியம் மட்டும் தெளிவாகச் சொல்லப்படுகிறது. உள்ளே இருப்பது என்ன என்று நோயாளிக்குத் தெரிவதில்லை. அதில் ஒரு குப்பி வெறும் பால் சர்க்கரையாகவும் இருக்கலாம். சாக் லாக் என்று அவர்கள் தமக்குள் சொல்லும் இந்த வெறும் உருண்டையை, முந்தைய வேளை மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும் நாட்களில், நோயாளி மனம் தளராமல் இருக்கத் தருவது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். நோயாளி ஒவ்வொரு வேளையும் மருந்து சாப்பிடுவதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்தாலும், கேட்பதில் இவ்வளவு நேர்மை காட்டும் ஒரு முறை, சொல்வதில் இப்படி இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அதைவிடக் கவலைக்குரியது, மருந்து தொடங்கியதும் நோய் முதலில் கொஞ்சம் கூடும், பிறகுதான் குறையும் என்று சொல்லி அனுப்பும் வழக்கம். ஹோமியோபதியின் கோட்பாட்டிலேயே இதற்கு இடமுண்டு. அரிப்பு இரண்டு நாள் கூடிவிட்டுத் தணிந்தால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் மூச்சிரைப்பு கூடுகிறது, காய்ச்சல் இறங்கவில்லை, வயிற்றுவலி இடத்தை மாற்றிக்கொண்டு வலப்புறம் கீழே நிற்கிறது என்னும்போது, 'டாக்டர் சொன்னாரே, இது மருந்து வேலை செய்வதன் அறிகுறி' என்று வீட்டில் காத்திருந்தால் அது உயிரோடு விளையாடுவதாகிவிடும். ஆகவே ஹோமியோபதியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கூடும் என்கிறீர்களே, எது எவ்வளவு கூடினால், எத்தனை நாள் நீடித்தால் நான் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதுதான். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் குழந்தையையோ வயதானவரையோ அழைத்துப் போகாமல் இருப்பது நல்லது.

இனி மற்ற அறைக்கு வருவோம். 45 வயதுப் பெண் ஒருவர் தைராய்டு குறைபாட்டுக்குத் தினமும் காலையில் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உறவினர் சொன்னதைக் கேட்டு ஹோமியோபதி தொடங்குகிறார். ஆறு மாதம் கழித்து, அலுப்பும் உடல் எடையும் கூடிவிட்டன என்று பழைய மருத்துவரிடம் வருகிறார்.

'மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?'

'சாப்பிடுறேன் சார்.'

'வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?'

'இல்லைங்க சார்.'

இரண்டாவது பதிலில் அவர் பொய் சொல்லவில்லை. உருண்டை அவர் கணக்கில் மருந்தே இல்லை. அது 'சைடு எஃபெக்ட் இல்லாதது'. முதல் பதிலில்தான் தயக்கம் இருக்கிறது. உருண்டை தொடங்கிய பிறகு தைராக்சினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார். நிறுத்தியபோது உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் உருண்டை குணமாக்கிவிட்டது என்று நம்பினார். உண்மையில் தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே நிறுத்தியதன் விளைவு சில வாரங்கள் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் ஹார்மோன்) அளவு ஏறியிருப்பதைப் பார்த்த மருத்துவர், அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு போதவில்லை என்று எண்ணி மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுவார். சொல்லப்படாத ஒரு செய்தி தவறான மருந்தளவாக மாறுவது இப்படித்தான்.

தைராய்டு மெல்ல வருத்துவது. வேறு சில மருந்துகள் நிறுத்தினால் பொறுத்திருக்காது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தான நிலை வரும். வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். பல மாதங்களாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஒரே நாளில் விட்டுவிட்டால், சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவைத்திருந்த அட்ரீனல் சுரப்பி உடனே கைகொடுக்காது. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, வீட்டிலுள்ள மற்றவருக்கும் அப்படியே பரவும். காசநோய், மலேரியா, எச்.ஐ.வி., கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு ஹோமியோபதியை நம்பியிருக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே எச்சரித்தது. 'அந்த இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்' என்று எந்த ஹோமியோபதியர் சொன்னாலும், அந்த மருந்தை எழுதியவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

உருண்டையில் ஒன்றுமில்லை என்றால் அதைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் விடலாமா என்று கேட்கலாம். எல்லாக் குப்பியிலும் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது என்பதே பதில். க்யூ என்று குறிக்கப்படும் மதர் டிங்க்சர் நீர்க்கப்படாத மூலச்சாறு. அது ஆல்கஹாலில் இறக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு இருபது சொட்டு என்று தரப்படும் ரவுல்ஃபியா க்யூ, சர்ப்பகந்தா வேரின் சாறுதான். ரெசர்பின் என்ற உண்மையான இரத்த அழுத்த மருந்து அதே வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே. ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் அழுத்தம் வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கித் தலைசுற்றி விழலாம். நீரிழிவுக்கு நாவல் மரத்திலிருந்து செய்யப்படும் டிங்க்சர் தரப்படுகிறது. 3எக்ஸ் (ஒன்றுக்குப் பத்தாக மூன்று முறை மட்டும் நீர்த்தது) போன்ற குறைந்த வீரியங்களில் மூலப்பொருள் அளக்கக்கூடிய அளவில் இருக்கும். அந்தப் பொருள் பாதரசமோ ஆர்சனிக்கோ என்றால் அது சின்ன விஷயமில்லை. குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது தரப்பட்ட சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து, குறிப்பிட்டதைவிடப் பல மடங்கு கூடுதலாகச் சிலவற்றில் இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் கண்டறிந்தது. மதுப்பழக்கத்தை விடுவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவருக்கு டிங்க்சரில் உள்ள ஆல்கஹாலே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஆகவே வழக்கமான மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, 'ஹோமியோபதி சாப்பிடுகிறேன்' என்பது மட்டுமன்று. மருந்தின் பெயர், அதன் வீரியம், சொட்டா உருண்டையா, எப்போதிலிருந்து, அதற்காக வேறு எதையாவது நிறுத்தினேனா குறைத்தேனா என்பது அனைத்தும் சேர்ந்தால்தான் அவருக்குப் பயன்படும். இவற்றில் கடைசிச் செய்திதான் மிக முக்கியம். அதைத்தான் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறோம். பெயர் தெரியவில்லையென்றால் ஹோமியோபதியரிடம் அடுத்த முறை போகும்போது, 'டாக்டர், எனக்குக் கொடுக்கிற மருந்தோட பேரையும் பொடென்சியையும் இந்த நோட்டுல எழுதிக் கொடுங்க, சுகர் பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டணும்' என்று கேளுங்கள். பட்டம் பெற்று, தமிழ்நாடு ஹோமியோபதி மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவருக்கு இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கோபப்பட்டால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்திதான். அதேபோல, ஆபரேஷன் வேண்டாம், மூன்றே மாதத்தில் சர்க்கரையையும் புற்றையும் வேரோடு குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து விலகியே இருங்கள். நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஹோமியோபதியர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தாம் பயிலாத முறையின் மருந்துகளைக் கொடுத்த ஹோமியோபதியர் ஒருவரின் வழக்கில், அப்படிக் கொடுத்ததே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது.

நோயாளிகள் ஏன் சொல்வதில்லை என்பது பல நாடுகளில் ஆராயப்பட்ட செய்தி. அமெரிக்காவில் 1990-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், மாற்று மருத்துவம் எடுத்துக்கொண்டவர்களில் 72 விழுக்காட்டினர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணங்களில் முதன்மையானது, மருத்துவர் கேட்கவே இல்லை என்பது. திட்டுவார் என்ற அச்சமும், இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்ற எண்ணமும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. நம்மூரில் திட்டுவார் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. 'அப்போ அங்கேயே போய் பார்த்துக்கங்க, இங்க ஏன் வந்தீங்க' என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த நோயாளி மட்டுமல்லாமல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் காதில் வாங்கிய நால்வரும் இனி வாய் திறக்க மாட்டார்கள்.

மருத்துவர் பக்கத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. 'வேற மருந்து எடுக்கிறீங்களா' என்ற கேள்விக்கு இல்லை என்றே பதில் வரும் என்பதை மேலே பார்த்தோம். 'நிறைய பேர் கூடவே ஹோமியோபதி, சித்த மருந்து, கஷாயம்னு எடுத்துக்கிறாங்க, நீங்க என்ன எடுத்துக்கிறீங்க?' என்று கேட்டால், சொல்வதில் தவறில்லை என்பது கேள்வியிலேயே புரிந்துவிடும். பதில் வந்த பிறகு ஹோமியோபதியின் அறிவியலைப் பற்றி வகுப்பு எடுக்காமல், முதலில் எந்த மாத்திரையை விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். மருந்தைப் பற்றிய தம் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. உருண்டையால் இந்த நோய் குணமாகும் என்பதற்குச் சான்றில்லை, சாப்பிட விரும்பினால் சாப்பிடுங்கள், ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், மூன்று மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம் என்று சொல்ல அரை நிமிடம் போதும். பரிசோதனைத் தாளில் எண் எப்படி வருகிறது என்பதை நோயாளியையே பார்க்கச் சொல்லும்போது வாதத்துக்கு இடமே இருக்காது.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் இது மிக எளிது. தைராக்சினை மீண்டும் பழைய அளவிலேயே தொடங்கி, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்து, ஆறிலிருந்து எட்டு வாரங்களில் மறுபடி டி.எஸ்.எச். பார்த்தால் போதும். உருண்டைக் குப்பிகளை அவர் குப்பையில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த முறை வரும்போது அவற்றையும் கைப்பையில் எடுத்துவந்து மேசைமேல் வைக்கும்படி சொன்னால் சரி.